இருநூற்று மூன்று மீட்டர் நாற்பது சென்டிமீட்டர்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, அதைத் தனியாக விசாரித்து எழுது, சந்தோஷப்படுவாள். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், போனில் நீ நடுவில் பேசுவாய், அதனால்தான் கடிதம்.

நம் தெருக்கோடியில் மூடிக் கிடக்கும் அச்சகத்தில் நாற்பது கட்டில் போட்டு வீடில்லாதவர்களுக்குத் தங்குமிடம் வரப்போகிறது என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. நம் தெருவில் எல்லோருமே இரக்கம் உள்ளவர்கள், ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார்கள், சொல்லிவிட்டு இங்கே மட்டும் வேண்டாம் என்றார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவரான பல் டாக்டர் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்து, பள்ளிக்கூடத்தின் முதன்மை வாயிலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் தங்குமிடம் கூடாது என்ற வரியைக் கண்டுபிடித்தார். நீங்க சர்வேயரா இருந்தவர், நீங்களே அளந்து குடுங்க சார், ரெண்டு மூணு மீட்டர் முன்னப்பின்ன இருந்தா யார் பார்க்கப்போறா என்றார். நான் பார்ப்பேன் என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அளவு நாடாவோடு போனேன். மறுமுனையைப் பிடிக்க வருவதாகச் சொன்ன வங்கி மேலாளர் வரவில்லை, அவருக்கு ஞாயிறு எட்டு மணி என்பது விடியற்காலை. அச்சகத்து கேட் முன்னால் ஒருவன் நின்று நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான், கண்ணாடி உடைந்துவிட்டதாம். உன் சித்தப்பா. இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சித்தப்பா வெளியூரில் வேலையில் இருக்கிறான் என்று நான்கு வருடமாக உனக்கு எழுதிவந்தேன். அந்த வெளியூர் நம் பஸ் நிலையத்தின் மூன்றாவது பெஞ்சு. உன் நிச்சயதார்த்தத்தன்று குடித்துவிட்டு வந்து மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மேஜையைக் கவிழ்த்தானே, அன்று இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னேன். அவனும் மிதிக்கவில்லை, ரோஷக்காரன். குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது என்றான், பக்கத்தில் நின்று முகர்ந்தும் பார்த்தேன், உண்மைதான்.

நாடாவின் முனையை வாங்கிக் குத்துக்காலிட்டுத் தரையோடு அழுத்திப் பிடித்தான். தொய்யவிடாதே என்றேன், விடல என்றான். அளக்கும்போது நாங்கள் பேசியது அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து முன்வாசலிலிருந்து அச்சகத்து கேட் வரை மூன்று தடவை அளந்தோம், மூன்று தடவையும் இருநூற்று மூன்று மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். தங்குமிடம் வரலாம். வீட்டுக்கு வந்து அளவுக் குறிப்பை எழுதினேன், அதில் நாடா பிடித்தவர் யார் என்று ஒரு கட்டம் உண்டு, முப்பத்தோரு வருடத்தில் அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டதில்லை. பெயரை எழுதினேன், உறவு தம்பி என்று எழுதினேன், முகவரி இல்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டுச் சங்கத்தில் கொடுத்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குள் சங்கத்தார் பள்ளிக்கூடத்தின் பின்பக்கக் கதவுக்கு எண்ணெய் போட்டு, முதன்மை வாயில் என்று பச்சைப் பெயிண்டில் எழுதியும்விட்டார்கள், அங்கிருந்து அளந்தால் நூற்று எழுபதுதான் வரும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன் அந்த வழியாகத் திறந்துகொண்டு போன நகராட்சி அதிகாரியின் கையெல்லாம் பச்சை, துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். பல் டாக்டர் என் குறிப்பை எடுத்து அந்தக் கட்டத்தை மட்டும் சத்தமாகப் படித்தார். தம்பிக்கு இடம் பிடிக்கத்தான் சர்வேயர் அளவை நீட்டிவிட்டார் என்றார். கூட்டத்தில் அறுபது பேர் என்னைப் பார்த்தார்கள். ஆமா, என் தம்பிதான், பஸ் நிலையத்துல படுக்கிறான், அளவு சரியான அளவுதான் என்றேன். அதிகாரி மறுநாள் தன் ஆட்களை வைத்து முன்வாசலிலிருந்து அளந்தார். இரண்டு சென்டிமீட்டர் கூடவே வந்தது, நாடாவைத் தொய்யவிட்டிருப்பார்கள். அனுமதி கொடுத்துவிட்டார், அடுத்த மாதம் திறக்கிறார்கள்.

ஆனால் கூட்டம் கலையும்போது பல் டாக்டர் மெதுவாக ஒன்று கேட்டார். உங்க மாடி ரூம் பூட்டித்தானே கிடக்கு சார், அப்புறம் தம்பிக்கு எதுக்கு அங்க கட்டில் என்றார். மனுஷன் அத்தனை நாளில் கேட்ட ஒரே நியாயமான கேள்வி. விதிப் புத்தகத்தில் தேடினேன், அதற்குப் பதில் இல்லை. மூன்று நாள் தூக்கம் இல்லை, வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. நான்காம் நாள் பஸ் நிலையம் போய், வாடா வீட்டுக்கு என்றேன். அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அது பாப்பா ரூம் ஆச்சே, அவகிட்ட கேட்டியா, அவ விசேஷத்தைத்தானே நான் கெடுத்தேன் என்றான். நீ சரி என்றால்தான் வருவானாம்.

அதனால் கேட்கிறேன். நீ வெளிநாட்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை பதினெட்டு நாள் வந்து தங்கும் அறை அது, உன் புத்தகங்களும் பரிசுக் கோப்பைகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். உன் கட்டில் ஆறடி இரண்டங்குலம், அவன் ஐந்தடி ஒன்பது, இடிக்காது. மனசுக்கு ஒப்பவில்லை என்றால் அதையும் எழுது, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையை அதிகம் விரட்டாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ எங்கள் ஆசிகள். மாடி அறைச் சாவியை உன் பையிலேயே கொண்டுபோய்விட்டாய், அதைத் தபாலில் அனுப்பு என்று நினைவுபடுத்த இருந்தேன். இந்த வரியை எழுதும்போது மேலே சுத்தியல் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அம்மா முழங்காலோடு மாடியேறி, பூட்டுக்காரரை வைத்துப் பூட்டை உடைத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே சாவி வேண்டாம், உன் பதிலை மட்டும் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா