ஒத்தப்பனைக்கு நேரே

என் தங்கமான நைனாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. பங்குனி பிறந்து கடல் தெளிந்துவிட்டதாம். கட்டுமரத்திலிருந்து குனிந்து பார்த்தால் அடியில் நண்டு நகர்வது தெரிகிறது என்று துரைக்கண்ணு மாமா சொன்னார். உன்னோடு இருபது வருஷத்துக்கு மேல் ஒரே மரத்தில் போன மனிதர், இப்போது தனியாகத் துடுப்பு போடுகிறார். உன் இடத்தில் வேறு ஆளை ஏற்ற அவருக்கு மனசு வரவில்லை.

திருவொற்றியூர் குப்பத்தில் என் வயசுப் பெண்களில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போனவள் நான் ஒருத்திதான். "பொம்பளப் புள்ள படிச்சு இன்னா பண்ணப்போவுது?" என்று கேட்டவர்களிடம், "எனக்கு லெட்டர் போடும்" என்றாயாம். அடுத்த தெருவில் இருந்த உனக்கு நான் எதற்கு லெட்டர் போடுவேன்? உயிரோடு இருந்தவரை ஒரு வரி எழுதவில்லை. இதுதான் முதல் கடிதம், மன்னிப்புக் கேட்டு எழுதுகிற கடிதம்.

உனக்குத் தெரிந்த கதையையே சொல்லப்போகிறேன், சிரிக்காதே. இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும் அல்லவா?

உனக்கு ஒரு பார் இருந்தது. கடலுக்கு அடியில் பாறையும் பவளமும் சேர்ந்து எழும்பிய மேட்டை நம் ஆட்கள் பார் என்பார்கள். அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்ல மாட்டாய், அம்மாவுக்கும் சொல்லவில்லை. கண்டுபிடித்தவனோடும் அவன் கூட்டாளியோடும் அந்த இடம் முடிந்துவிட வேண்டும் என்பது நம் குப்பத்து வழக்கம். ஆனால் அங்கே என்னென்ன இருக்கிறது என்பதை மட்டும் எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொல்வாய்.

பச்சையும் நீலமுமான கிளிமீன் பவளத்தைக் கொறிக்கிற சத்தம், பொரிகடலை மெல்லுகிற மாதிரி தண்ணீருக்குள் கேட்குமாம். சிங்கி இறால் பொந்துக்குள் உட்கார்ந்து மீசையை மட்டும் வெளியே விடுமாம். காற்றே இல்லாத இடத்தில் ஊதா நிற விசிறிகள் ஆடுமாம். பூப்போல விரிந்த ஒன்று, தொட்டால் கையெல்லாம் எரியுமாம். அதற்கு நடுவில் ஒரு சின்ன மீன் புருஷன் பெண்டாட்டியாகக் குடித்தனம் நடத்துமாம். எனக்கு வாயில் சோறு இருப்பதே மறந்துபோகும்.

அப்புறம் மேஸ்திரி. ஆள் உயரக் களவா மீன். ரோடு போட வந்த மேஸ்திரி மாதிரி வாயைத் திறந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். "மேஸ்திரிக்குப் பல்லு வெளக்க ரெண்டு பொடியனுங்க வேலைக்குக் கீறானுங்கம்மா. கோடு போட்ட சட்ட. வாயிக்குள்ள பூந்து செவுள் வழியா வருவானுங்க. ஒருநா கூட முழுங்க மாட்டான்" என்பாய். சுற்றியிருந்த மீனெல்லாம் பிடித்தாய், மேஸ்திரிக்கு ஒரு தடவையும் தூண்டில் போட்டதில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, போக இடமில்லாத நம்மை அந்தப் பார்தான் காப்பாற்றியது.

என்னைக் கட்டிக்கொடுத்ததும் அதே குப்பத்தில்தான். என் வீட்டுக்குப் பின்னால், கரையை ஒட்டி ஒற்றையாக ஒரு ஆண்பனை நின்றது. காய் கிடையாது, நிழல் கிடையாது. துணி துவைக்கிற கல்லுக்கு மேல் ஓலையை உதிர்த்துக்கொண்டு நின்ற அந்த மரத்தை நான் திட்டாத நாளில்லை.

என் மகள் பொன்னி பிறந்த வருஷம் அடைமழையில் எங்கள் கூரை பிய்ந்து விழுந்து, அவள் நனைந்து ஜுரத்தில் கிடந்தாள். எட்டு மாதக் குழந்தை. பிழைத்தது பெரிய விஷயம். துறைமுகத்து ஒர்க்ஷாப்பில் இருந்த என் வீட்டுக்காரர் ஓடு போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். முகட்டுக்கு நீளமான விட்டம் வேண்டும். பின்னாலேயே பனை நிற்கிறது.

வெட்டுகிற அன்று காலை நீ வந்தாய். "வேற மரம் பாக்கலாமாம்மா? மீஞ்சூர் பக்கம் நல்ல பனை கெடைக்கும்" என்றாய். என் மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கோடாரியைத் தீட்டிக்கொண்டிருந்தார். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. "வூட்டுப் பின்னாடி மரத்த வச்சிகினு மீஞ்சூருக்கு வண்டி கட்டணுமா? என் கொழந்த நனஞ்சா உனக்கு இன்னா நைனா?" என்று கேட்டேன்.

எல்லோர் முன்னாலும் கேட்டேன். நீ பொன்னியைப் பார்த்தாய், மரத்தைப் பார்த்தாய், சட்டையைக் கழற்றி வேலியில் போட்டாய். மரம் விழுந்த பிறகு அந்த விட்டத்தை மூன்று நாள் உட்கார்ந்து நீயே செதுக்கிக் கொடுத்தாய். கட்டுமரம் இழைக்கிற கை, அதனால் அவ்வளவு வழவழப்பு என்று பெருமைப்பட்டேன்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் நீ கொண்டுவந்தது காரப்பொடி, கவலை என்று பொடி மீன்கள்தான். பாரில் கிடைக்கிற சங்கரா இல்லை, களவா இல்லை. "கண்ணாடி போட்டுக்கோ நைனா, மீனு உனக்குத் தெரியல" என்று கிண்டல் செய்தேன். "ஆமாம்மா, கண்ணு மங்கிப் போச்சு" என்று நீயும் சேர்ந்து சிரித்தாய். எப்படி உன்னால் சிரிக்க முடிந்தது?

உன் பதினாறாம் நாள், சாப்பாடு முடிந்து துரைக்கண்ணு மாமா என் வீட்டில் படுத்திருந்தார். திடீரென்று எழுந்து உட்கார்ந்து முகட்டையே பார்த்து அழ ஆரம்பித்தார்.

"இத்தப் பாத்தா பேஜாரா கீதும்மா."

"எத்த மாமா?"

"தலைக்கு மேல கீதே, ஒத்தப்பன. அதான் உங்க நைனாவோட பாரு."

அப்போதுதான் சொன்னார். கடலில் நின்று கரையைப் பார்த்தால், ஒத்தப்பனையின் தலையில் கோயில் கோபுரம் உட்கார்ந்த மாதிரி தெரிய வேண்டும். தெற்கே இன்னொரு அடையாளமும் அதே போல நேராக வர வேண்டும். இரண்டும் கூடுகிற இடத்தில் நங்கூரக் கல்லைப் போட்டால் அடியில் பார். பனை போன பிறகு வெறும் கோபுரத்தை வைத்துக்கொண்டு நான்கு வருஷம் தேடியிருக்கிறீர்கள். ஆழம் பார்க்கிற ஈயக் குண்டை இறக்கிய இடமெல்லாம் சேறு.

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வெட்ட உட்டிருப்பேனா மாமா?"

"உன் மாமியாகாரி நின்னுகினு இருந்துச்சேம்மா. சொன்னா மறுநா குப்பமே பாருமேல குந்திகினு இருக்கும். திரும்பி வரசொல்ல நான் சண்ட போட்டேன். 'கொழந்த காஞ்ச எடத்துல தூங்கட்டும்டா, மேஸ்திரியும் நிம்மதியா இருக்கட்டும்'னுட்டாரு."

இன்னொன்றும் சொன்னார். அம்மாவின் அம்மிக்கல் உடைந்தபோது பாதியை வைத்துக்கொண்டு, ஓட்டை போட்டுக் கயிறு கட்டி நங்கூரக் கல்லாக வைத்திருந்தாயே, அது கடைசித் தடவை மேஸ்திரியின் பொந்தில் சிக்கிக்கொண்டதாம். நீ இரண்டு தடவை முங்கியும் வரவில்லை. "நாளன்னிக்கி வந்து எடுத்துக்கலாம்" என்று கயிற்றை அறுத்துவிட்டு வந்தீர்களாம். மறுநாள் நாங்கள் மரத்தை வெட்டினோம். அம்மா போன பிறகு உன்னிடம் மிச்சமிருந்த அவள் பொருள் அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும் நைனா. நான் உன் பாரை மட்டும் பறிக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. படுத்தால் நேர் மேலே நீ செதுக்கிய மரம்.

இந்தப் பங்குனியில் கடல் தெளிந்ததும் ஒரு காரியம் செய்தேன். பனையின் அடிக்கட்டை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதோடு சேர்த்து, இரண்டு மூங்கிலை ஒன்றாக இணைத்து நட்டு, உச்சியில் உன் வெள்ளை வேட்டியைக் கட்டினேன். "இன்னாடி இது?" என்றார் மாமியார். அம்மனுக்கு வேண்டுதல் என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் சொல்லிவைத்தபடி விடிந்ததும் கடலுக்குப் போன துரைக்கண்ணு மாமா வெயில் ஏறித்தான் திரும்பினார். மடியில் மீன் இல்லை. கண் இரண்டும் உப்புத் தண்ணீரில் சிவந்திருந்தது. அடுப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"வேட்டி கொசு மாதிரி தெரிஞ்சிதும்மா. ஆனா தெரிஞ்சிது. கோபுரத்த அதுமேல குந்த வச்சேன். முங்கினேன்."

"கல்லு?"

"கீது. எடுத்தாந்து உன் கையில குடுக்கணும்னுதான் போனேன். அதும்மேல பவளம் மொட்டு மொட்டா கெளம்பிக் கீது. ஒரு ஓரத்துல விசிறி ஒண்ணு, உன் உள்ளங்கை அளவு. அதுங்கீழ ஒரு இறாலு மீசைய நீட்டிகினு கீது. எப்பிடிம்மா புடுங்கறது? உட்டுட்டு வந்துட்டேன்."

எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. "மேஸ்திரி?"

"கல்லு மேலயே தாடைய வச்சிகினு, வாயத் தொறந்துகினு குந்திகினு கீறான். பொடியனுங்க வேல செய்யறானுங்க."

நான் அடுப்படி என்றும் பார்க்காமல் அழுதேன். மாமாவும் அழுதார். பொன்னி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானும் அழ வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இப்போது ஐந்து வயசு. ஓடு போட்ட பிறகு ஒரு நாள்கூட அவள் மழையில் நனையவில்லை நைனா.

உன் காரியத்துக்குக் கரையில் நட்ட கல்லைப் பதினாறாம் நாள் கடலில் விட்டுவிட்டோம். அது எங்கே போனதோ தெரியாது. இந்தக் கல் இருக்கும் இடம் தெரியும்.

வேட்டியை அன்றைக்கே இறக்கி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். மோட்டார் போட் வரப்போகிறது என்று குப்பத்தில் பேச்சு. இடம் தெரிந்தால் பாரையே துடைத்துவிடுவார்கள். அதனால் தெற்கு அடையாளம் எது என்று நான் மாமாவைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

வருஷத்துக்கு ஒரு நாள், பங்குனியில், உன் வேட்டியை ஏற்றுவேன். மாமா போய் அம்மாவின் கல்லையும் மேஸ்திரியையும் பார்த்துவிட்டு வந்து சொல்வார். நான் உனக்கு லெட்டர் போடுவேன். என் கை எழுதுகிற வரைக்கும் போடுவேன்.

உன் பனைக்குக் கீழே படுத்திருக்கும்,
உன் வாயாடிப் பொண்ணு
முத்தம்மா