துணைக்குப் போட்ட விண்ணப்பம்

அன்புள்ள கணவருக்கு,

சட்டக் கல்லூரி அடையாள அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தீர்கள். பார்த்துவிட்டுப் பதில் போடாமல் போனை மூடி வைத்துவிட்டேன். ஷிப்டில் இருப்பதாக நினைத்திருப்பீர்கள்.

வக்கீலாக ஆசைப்பட்டவள் நான். "உனக்குத் துணைக்குத்தான் நானும் போடுறேன்" என்று விண்ணப்பித்தவர் நீங்கள். பத்தாவதோடு நின்று, ஒரகடம் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நான் வாங்கிய பட்டம், பிளஸ் டூ இல்லாததால் சட்டப் படிப்புக்குச் செல்லாதாம். உங்களுக்குச் சீட் கிடைத்துவிட்டது.

நேற்று வீட்டுக்கார அம்மா, "இன்னாமே, இனிமே நீ வக்கீல் பொண்டாட்டியா?" என்று சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

‘வக்கீல் பொண்டாட்டி’ என்ற அந்தப் பட்டம் எனக்கு வேண்டாம். ஐந்து வருடச் சட்டப் படிப்பில் சேர, முதலில் பிளஸ் டூ தனித்தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து வரும்போது உங்கள் சட்டப் புத்தகம் எதுவும் கொண்டுவராதீர்கள். நீங்கள் மட்டும் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு முன்னால் ஆசைப்பட்டவள்