லலிதா இறங்கி ஏறும் கார்

அக்டோபர் 9, வியாழன்

எனக்குக் கார் ஓட்டுவதில் பெரிய ஆசை கிடையாது. சிவப்பு நிறம் பிடித்துப்போய்த்தான் இந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். இதுவரை நாற்பதைத் தாண்டியதில்லை. ரொம்பத் தாழ்வான வண்டி. இரண்டு பேர் உட்கார்ந்தால் ரோட்டில் வேகத்தடைக்குப் போட்ட ஹம்ப்பில் அடிப்பாகம் உரசும். அதனால் ஒவ்வொரு ஹம்ப்புக்கும் முன்னால் என் மனைவி லலிதா இறங்கிக்கொள்வாள், வண்டி தாண்டியதும் ஏறிக்கொள்வாள். ஆறு மாதமாக இப்படித்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இன்று சாயங்காலம் மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு அக்ரஹாரத்துக்குத் திரும்பினோம். மூன்றாவது ஹம்ப்பில் அவள் இறங்கியபோது, பின்னால் நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"என்ன சார், ரேஸ் வண்டில தேர் ஊர்வலமா?"

நான் சிரித்துவிட்டேன். லலிதா சிரிக்கவில்லை. சீட்டிலிருந்த பூப்பையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க மெதுவா வாங்க. நான் நடந்தே போயிடறேன்."

மிச்ச ஹம்ப்புகளிலும் ஊர்ந்து ஊர்ந்து நான் வீடு வந்து சேர்ந்தபோது அவள் சாமிக்குப் பூ வைத்து, விளக்கேற்றி, காபியும் குடித்து முடித்திருந்தாள். எனக்கு வைத்த டம்ளரில் ஆடை படிந்திருந்தது. சூடு பண்ணித் தரச் சொல்ல வாய் வரவில்லை. அப்படியே குடித்தேன்.