ஒரு ஜோடி, ஒரே பெட்டி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் வீட்டுக்காரர் தன் கையாலேயே எழுதுவது. வரி மேலும் கீழுமாகப் போகிறது, பொறுத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அங்கே நம் சின்ன மகளும் குழந்தையும் நன்றாகத் தூங்குகிறார்களா?

பெரியவள் ஜெயித்துவிட்டாள்! பட்டறையில் நாம் காலணியை ஒற்றை ஒற்றையாக எண்ணுவோம் அல்லவா? நம் கடைக் கணினியும் ஒரு ஜோடியை இரண்டு என்றே அனுப்பியது. கூரியர் கணினி அதை இரண்டு பெட்டி என்று படித்தது. இரண்டாவது பெட்டி எங்கே என்று தினமும் வாசலில் சண்டை.

அப்போதுதான் ஒரு பெரிய இணைய விற்பனைத் தளத்துக்காரர் வந்து, ஆர்டர் அனுப்பும் தங்கள் முறைக்கு மாறினால் எல்லாம் இலவசம் என்றார். பெரிய மாப்பிள்ளை தலையாட்டிவிட்டார். பெரியவள் விடவில்லை. “இன்னைக்குச் சும்மா குடுப்பாங்க. அப்புறம் நம்ம கம்ப்யூட்டர் வேற யார்கிட்டயும் பேசாது. கடையே அவங்க கைக்குப் போயிடும்” என்றாள். எந்தத் தளமும் எந்தக் கூரியரும் படிக்கக்கூடிய பொது முறை ஒன்று இருக்கிறதாம். அது யாருக்கும் சொந்தமில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ஜோடியா ஒற்றையா என்று அதில் கட்டாயம் சொல்ல வேண்டுமாம்.

“அது சரியா வரலேன்னா யார் பொறுப்பு, உங்கப்பாவா?” என்று மாப்பிள்ளை கேட்டார். கடை என் பேரில் இருப்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மகள் பக்கம் நின்றேன். பொது முறைக்கு மாறக் கூரியரோடு போடும் ஒப்பந்தத்தோடு வழக்கம்போல மைப்பெட்டியும் வந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தேன். “மாமா எழுதி முடிக்கறதுக்குள்ள முறையே மாறிடும்” என்று மாப்பிள்ளை சிரித்தார். சிரிக்கட்டும், முழுப் பெயரையும் எழுதினேன்.

ஆனால் சோதனை ஆர்டர் தவறினால் பெரிய தளத்துக்கே போய்விடுவது என்று பேச்சு. நேற்றுக் காலை அந்த ஆர்டர் வந்தது. கூரியர்காரம்மா உள்ளே வந்து, “ஒரு ஜோடி, ஒரு பெட்டி. குடுங்க பெரியவரே, இன்னைக்குச் சண்டை இல்ல” என்றார். பெரியவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். பெட்டியை வண்டிவரை சுமந்து போனது யார் தெரியுமா? மாப்பிள்ளைதான்!

அந்த ஆர்டரைப் போட்டது பெரியவள். முகவரி உன்னுடையது, கால் அளவு நான் சொன்னது. இரண்டு பெட்டி வந்தால் எனக்கு மட்டும் எழுது, மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.

பேத்திக்கு என் ஆசிகள். காலணி கடிக்காது, தோலை நானே பார்த்து எடுத்தேன். போட்டு நடந்து பார். அப்படியே வீட்டுப் பக்கம் நடந்து வந்துவிடேன்.

இப்படிக்கு,
இனிக் கைநாட்டு வைக்காத
உன் வீட்டுக்காரர்