காப்பிப்பூவும் மூடாத டிவிடியும்

அன்பு நண்பரே,

இன்று காலை வேதவாசிப்பை முடித்து, முழந்தாள் ஊன்றிச் செபித்து எழுந்தபோது சன்னல் வழியே அந்த மணம் வந்தது. கோடையின் முதல் மழைக்குக் காப்பிச் செடிகள் பூத்துவிட்டன. கொட்டச்சேட்டு மலைச்சரிவு முழுவதும் வெண்மை. நீங்கள் இல்லாத முதல் பூக்காலம். கை தானாகத் தொலைபேசியை எடுத்தது. யாரை அழைப்பது என்று அறியாமல் மறுபடி வைத்தேன்.

இந்த மணம் எழும் நாளில் நீங்கள்தானே முதலில் அழைப்பீர்கள்? எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், வீடியோ கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிறுபிள்ளையைப்போல் மலைப்பாதையில் காத்து நிற்பீர்கள். பூ வாடுமுன் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு. எனக்கோ எதைக் கண்டாலும் ஒரு செய்யுள் சொல்லியாக வேண்டும். பூத்த கிளையருகே நின்று நான் தொண்டையைச் செருமும்போதே உங்கள் குரல் எழும்: "ஏனுங்க புலவரே, குறுக்க நிக்காதீங்க. பூவு மறையுதுங்க. பாட்டு எங்க ஓடிப்போகுது?" விலகுவேன். அடுத்த அடி நினைவுக்கு வந்ததும் மீண்டும் குறுக்கே வந்துவிடுவேன்.

பின்பு உங்கள் கணினியின்முன் இருவரும் அமர்வோம். அவ்வாண்டின் பூவைப் பழைய பூக்களோடு அதே டிவிடியில் ஏற்றுவீர்கள். திரையில் பச்சைக்கோடு நகர்ந்து முடியும்வரை மேசையைத் தொடலாகாது, இருமலாகாது என்பது உங்கள் கட்டளை. திருவிருந்து வேளையில்கூட நான் அத்தனை அசைவற்று இருந்ததில்லை. ஏற்றத் தொடங்குமுன் அந்த மென்பொருள், கட்டத்தில் தானே டிக் போட்டு, டிவிடியை இத்துடன் மூடிவிடலாமா என்று கேட்கும். நீங்கள் ஒவ்வொரு முறையும் அந்த டிக்கை எடுத்துவிடுவீர்கள். மூடினால் பிறகு எதையும் சேர்க்க இயலாது. மூடாவிட்டால் டிவியோடு இருக்கும் பிளேயர் அதைப் படிக்காது.

"எத்தன வருசமா எடுக்கறீங்க! நா டிவில பாக்கறதுக்குள்ள எனக்குக் கண்ணே போயிருமுங்க" என்று அடுக்களையிலிருந்து உங்கள் துணைவியார் குரல் கொடுப்பார்.

"இன்னும் எடமிருக்குது அம்மணி. அடுத்த வருசப் பூவு எங்க போகும்?"

ஐப்பசி மழையில் உங்களை அடக்கம் செய்தோம். சென்ற வாரம் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பனியின் ஈரம் ஏறிய கணினி, பலமுறை உயிர்ப்பித்தால் ஒருமுறை கண் விழிக்கிறது. துணைவியார் அந்த டிவிடியை முந்தானையில் துடைத்தபடி வந்தார். "ஏனுங்கண்ணா, இதுல அவரு பேசறாருல்லீங்க? எனக்கு அவரு கொரலக் கேக்கோணும். ஊட்டு டிவில வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க."

வேறொரு புதிய டிவிடியில் பிரதி எடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். மேலே நீங்கள் மையால் எழுதிய 'பூ' என்ற எழுத்தின்மேல் அவர் விரல் இருந்தது. "அவரு எழுதுன இதுதானுங்க வேணும்."

மறுக்க மனம் வரவில்லை. மூடவும் மனம் வரவில்லை. நீங்கள் திறந்தே வைத்திருந்த ஒன்றை என் கை எப்படி மூடும்? உங்கள் சவப்பெட்டியை மூடிய நாளில்கூட நான் இவ்வளவு தயங்கவில்லையே! செபித்தேன்; தள்ளிப்போட்டேன்.

விடை என் பழைய தமிழாசிரியத் தொழிலிலிருந்தே வந்தது. வெண்பாவில் மற்ற அடிகளுக்கு நான்கு சீர், ஈற்றடியில் மூன்றே சீர். நான்காம் சீருக்கு இடம் இருப்பதாகத் தோன்றும் அந்த வெறுமையிலேதான் பாட்டு நிறைகிறது. படைப்பின் ஒவ்வொரு நாளையும் மாலை என்று ஒன்றை வைத்து மூடிய ஆண்டவர், மூடியவற்றை நல்லது என்றல்லவா கண்டார்?

ஆகவே இன்று காலை கைப்பேசியோடு சரிவுக்குப் போனேன். இவ்வாண்டுப் பூவை எடுத்தேன். உங்கள் வீட்டில் கணினி ஒருவழியாக விழித்தது. பச்சைக்கோடு நகர்ந்து முடியும்வரை நான் இருமவில்லை. இம்முறை டிக்கை எடுக்காமல் விட்டிருந்தேன்; டிவிடி மூடிக்கொண்டது.

மாலையில் டிவியில் நீங்கள் பேசினீர்கள். "புலவரே, குறுக்க நிக்காதீங்க!" துணைவியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பாருங்கண்ணா, வருசா வருசம் திட்டு வாங்கியும் நீங்க நவரவே இல்ல!"

கடைசியில் இவ்வாண்டுப் பூ வந்தது. சரிவு முழுவதும், ஆடாமல் அசையாமல், ஓசையின்றி.

"இந்த வருசம் பூவு நொம்ப நல்லாத் தெரியுதுங்கண்ணா" என்றார். திரையை நெருங்கிப் பார்த்து, "குறுக்க ஆருமே நிக்கலீங்களே" என்றார்.

மறுமையில் காண்போம் என்ற விசுவாசத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் வீடு திரும்பும் வழியில் வேலியோரம் ஒரு செடி பூத்து நின்றது. அதன்முன் போய் நின்றேன். செய்யுள் நாவுக்கு வந்தது. சொல்லவில்லை, உங்களுக்குப் பூ மறையுமே என்று ஓரடி விலகி நின்றேன்.