வெள்ளிக்கிழமை ஆர்மோனியம்

குவைத்
2.12.2023

அன்புள்ள ஆண்டனி அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்களும் தேவகுமாரி அண்ணியும் சுகமா? போனில் கேட்டால் "சரி கண்ணு" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டு, மறுநாள் மறந்தும்விடுவீர்கள். அதனால்தான் கையால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் "நல்லா இருக்கார்" என்று அனுப்பினால் எனக்குக் கோபம் வரும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிறது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் சேர்த்த பிறகு சிஸ்டர்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. சேலத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பவித்ரா ஒன்று சொன்னாள். பேச்சு போனவர்களுக்குக்கூடப் பாட்டு உள்ளே எங்கேயோ பத்திரமாக இருக்குமாம். தெரிந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, வாரம் தவறாமல் பாடிக்கொண்டே வந்தால் பாட்டோடு வார்த்தையும் வந்து ஒட்டிக்கொள்ளுமாம். சிஸ்டர் சாந்தாமேரி போனில் பாட்டுப் போட்டுப் பார்த்தார். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். நேரில் ஆள் வேண்டும் அண்ணா.

நாகலூர் கோயில் பாட்டுக்குழுவில் இருபது வருடம் அப்பா பாட, நீங்கள் ஆர்மோனியம் வாசித்தீர்கள். கூடப் பிறக்காவிட்டாலும் நீங்களும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறீர்கள். உங்களைவிட்டால் நான் யாரைக் கேட்பேன்? வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம். எனக்கு லீவு மே மாதம்தான். அதற்குள் அவர் வாயால் என் பேரைக் கேட்க வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அன்புத் தங்கை,
ஜோஸ்லின்


நாகலூர்
16.12.2023

அன்புத் தங்கச்சி ஜோஸ்லினுக்கு,

அண்ணன் எழுதுவது. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. எஸ்டேட் கணக்குப் புத்தகத்தை விட்டால் நான் பேனா பிடிப்பது கல்யாணத்தில் மொய் எழுதத்தான்.

நேற்று வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போனேன். ஆர்மோனியத்தை ஸ்கூட்டரில் முன்னால் வைத்து, பனியில் நனையாமல் இருக்க உன் அண்ணியின் சால்வையைப் போர்த்திக் கொண்டுபோனேன். இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளே நுழைந்ததுமே பக்கத்துக் கட்டில்காரர், மஞ்சக்குட்டை ஐயாக்கண்ணு, "ஏனுங்க, சாமி பாட்டு மட்டுந்தானுங்களா, சினிமாப் பாட்டு வராதுங்களா?" என்று ஆரம்பித்துவிட்டார். வார்டே சிரித்தது.

அப்பா முதலில் என்னைப் பார்க்கவே இல்லை. கிறிஸ்துமஸ் சமயம் எஸ்டேட் ஆட்களின் லைன் வீடுகளுக்குக் கேரல் போகும்போது பாட, அவரே ஒரு பாட்டுக் கட்டினாரே, "நாகலூர்ப் பனியிலே நடந்து வந்த பாலனே" என்று, அதை எடுத்தேன். முதல் வரியை நான் பாடினேன். இரண்டாவது வரியில் எனக்கு முன்னால் அவர் போய்விட்டார் கண்ணு. வார்த்தை தேய்ந்துதான் வந்தது. ஆனால் வார்த்தைதான். சிஸ்டர் சாந்தாமேரி மருந்துத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். நான் அழுதேன், சொல்வதற்கென்ன.

கிளம்பும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே மனசில்லை அவருக்கு. நீ கவலைப்படாதே. இனி எனக்கு வெள்ளிக்கிழமை என்றால் அப்பாதான்.

அன்புடன்,
ஆண்டனி ராஜ்


குவைத்
19.12.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, நர்ஸ் ஹாஸ்டலில் மலையாளிப் பெண்களை உட்காரவைத்து வரி வரியாகப் படித்துக் காட்டினேன். சால்வைக் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அப்பா உங்களை முந்திக்கொண்டு போன இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

இந்தப் பாலைவனத்தில் என் வாரம் உங்கள் கடிதத்தில்தான் தொடங்குகிறது. எழுதுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். ஐயாக்கண்ணு ஐயாவுக்கு ஒரு சினிமாப் பாட்டு என் பேரில் பாடுங்கள்.

அன்புடன்,
ஜோஸ்லின்


நாகலூர்
20.1.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நல்ல செய்தியோடு எழுதுகிறேன். நேற்று அப்பா ஆறு பாட்டுக்குக் கூடவே பாடினார். ஐயாக்கண்ணு தாளம் தட்டுகிறேன் பேர்வழி என்று கட்டில் கம்பியை உடைக்காத குறை. முடித்து ஆர்மோனியத்தை மூடப்போனேன். அப்பா என் கையைத் தட்டி, மெதுவாக, "சோசு" என்றார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கூப்பிடுவாரே, அதே மாதிரி. இரண்டு தரம் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி நிம்மதியாக வேலையைப் பார்.

அன்புடன்,
ஆண்டனி ராஜ்


குவைத்
21.1.2024

அண்ணா,

வார்டில் அழக்கூடாது என்று பாத்ரூமுக்குள் போய் அழுதேன். சொந்த அண்ணன்கூட இப்படிச் செய்யமாட்டான். நீங்கள் செய்த இந்த உதவிக்கு நான் என்ன செய்து ஈடு கட்டப்போகிறேன்?

உங்கள்
சோசு


நாகலூர்
30.3.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். காப்பிப் பூ பூத்து மலையே மணக்கிறது. நேற்று வெள்ளிக்கிழமை வழக்கம்போல நாலு மணிக்கு ஆர்மோனியத்தோடு போனேன். அப்பா இப்போது பாட்டுக்கு நடுவில் என்னைத் திருத்துகிறார். "சுதி, சுதி" என்கிறார். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஆட்களை வேலை வாங்கிய காலத்து அதட்டல் அப்படியே வந்துவிட்டது. ஐயாக்கண்ணு அடம்பிடித்ததால் ஒரு சினிமாப் பாட்டும் வாசித்தேன். சிஸ்டர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

மே மாதம் நீ வரும்போது அப்பா உன்னிடம் மணிக்கணக்காகப் பேசுவார், பார்.

அன்புடன்,
ஆண்டனி ராஜ்


குவைத்
2.4.2024

ஆண்டனி அண்ணா,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். என் கண்தான் தப்பாகப் படிக்கிறது என்று நினைத்தேன்.

நேற்று என்று நீங்கள் எழுதிய வெள்ளி, பெரிய வெள்ளி. ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நாள். வியாழன் பூசையில் மணியை நிறுத்தினால் சனி இரவு உயிர்ப்புப் பூசை வரைக்கும் நம் பாட்டுக்குழு ஒரு வாத்தியத்தைத் தொட்டதுண்டா? கோயில் மணியே அடிக்காமல் மரக்கட்டையைத் தட்டுகிற நாளில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்துக்குள் ஆர்மோனியம் கொண்டுபோய்ச் சினிமாப் பாட்டு வாசித்தீர்களா? சிஸ்டர்கள் தலையாட்டினார்களா?

சிஸ்டர் சாந்தாமேரிக்குப் போன் போட்டேன். இத்தனை நாள் அவரிடம் அப்பாவின் மருந்து, சாப்பாடு மட்டும்தான் கேட்பேன். பாட்டைப் பற்றிக் கேட்கத் தோன்றியதே இல்லை. அதற்குத்தான் உங்கள் கடிதம் இருந்ததே. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவரு கிறிஸ்துமஸுக்கு முந்தி ரெண்டு வாரம் வந்ததோட சரிங்க. அப்பறம் வரவே இல்லீங்களே. உங்கப்பா வெள்ளிக்கெழமையானா வெள்ளைச் சட்டைதான் வேணும்னு கை காட்டுவாருங்க. போட்டுட்டு ஆறு மணி மட்டும் கதவையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. இப்ப வாயே தொறக்கறதில்லீங்க." ஐயாக்கண்ணு ஐயாவைப் பற்றிக் கேட்டேன். அவர் பொங்கலுக்கு முன்னாலேயே இறந்துவிட்டாராம். இறந்துபோன மனுஷனைக் கட்டில் கம்பி தட்டவைத்திருக்கிறீர்கள்.

"சோசு" என்று அப்பா சொன்னாரா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஜோஸ்லின்


நாகலூர்
7.4.2024

ஜோஸ்லின் கண்ணு,

சொல்லவில்லை. நானாக எழுதியது.

முதல் கடிதம் சத்தியமாக உண்மை. அடுத்த வெள்ளியும் போனேன். கிளம்பும்போது மறுபடி என் சட்டைக் கையைப் பிடித்தார். வாய் கோணிக்கொண்டு "ஊடு, ஊடு" என்றார். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி. விடவே இல்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு வந்தேன். எந்த மனுஷன் அதட்டினால் எஸ்டேட்டே நடுங்குமோ, அந்த மனுஷனின் விரலை நான் பிரித்தேன். அதற்கு அடுத்த வாரம் ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் வெள்ளி சனி கீபோர்டு வாசிக்கக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அவர்கள் கூப்பிட்டதும் தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

போகவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். உன் கடிதம் மேஜையில் இருந்தது, "என் வாரம் உங்கள் கடிதத்தில்தான் தொடங்குகிறது" என்று. பேனா வேறு மாதிரி ஓடிவிட்டது. அப்புறம் உன்னை அழவைக்காமல் இருக்க அதுவே வழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன கடிதம் பிப்ரவரியிலேயே எழுதிவைத்தது. அனுப்பும்போது தேதியை மட்டும் போட்டேன். பெரிய வெள்ளியன்று நான் கோயிலில்தான் இருந்தேன். அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

உன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்தேன். நம்பு கண்ணு.

ஆண்டனி


நாகலூர்
9.5.2024

ஆண்டனி அண்ணா,

நான் வந்து ஐந்து நாளாகிறது. உங்கள் வீட்டைத் தாண்டித்தான் பஸ் போகிறது. இறங்க மனம் வரவில்லை. அதனால் அப்பாவைப் பார்க்க வந்த தேவகுமாரி அண்ணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா என்னைப் பார்க்கிறார். அடையாளம் தெரிகிறது. அவ்வளவுதான், ஒரு வார்த்தை இல்லை. பவித்ராவிடம் பேசினேன். விட்டுப்போன நாலு மாதம் பெரிய இழப்பு, இருந்தாலும் முயற்சி பண்ணிப் பார்க்கலாம் என்கிறாள். நாளை வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு ஆர்மோனியத்தோடு வாருங்கள். எனக்காக வேண்டாம். நான் வராந்தாவில் இருப்பேன், உங்களோடு பேசமாட்டேன். நான் உங்களை மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் சொல்லவில்லை. அப்பா சட்டை மாட்டிக்கொண்டு காத்திருப்பார். அதற்காக வாருங்கள்.

ஜோஸ்லின்


நாகலூர்
11.5.2024

ஆண்டனி ராஜ் அவர்களுக்கு,

நேற்று நீங்கள் உள்ளே வரவில்லை. கேட் வரைக்கும் ஸ்கூட்டர் வந்து திரும்பியதை வாட்ச்மேன் சொன்னார். "பொட்டி கூட வெச்சிருந்தாருங்க, என்னமோ மறந்துட்டாராட்ட இருக்குது" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அப்பா ஐந்தரை மணி வரை கதவைப் பார்த்தார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. போய் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நான் எப்படிப் பாடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். என்னைப் பின்வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொன்னவர் நீங்கள்தானே. அந்தக் குரலில்தான் கேரல் பாட்டை எடுத்தேன். மே மாத வெயிலில் பனியைப் பற்றிய பாட்டு. முதல் வரியிலேயே சுருதி எங்கேயோ போய்விட்டது. வார்டில் யாரோ சிரித்தார்கள். நிறுத்தாமல் மறுபடி பாடினேன். மூன்றாவது தரமோ நாலாவது தரமோ, அப்பா கூட வந்தார். என்னோடு சேர்ந்து தப்பாகவே பாடினார்.

ஆர்மோனியமும் தேர்ந்த கையும் வேண்டும் என்று நினைத்து, நாலு மாதம் உங்கள் காகிதத்தை நம்பிக் கடல் தாண்டி உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து பாட ஓர் ஆள்தான் அவருக்கு வேண்டியிருந்திருக்கிறது. அந்த வார்டைக் கூட்டித் துடைக்கிற சுஜாதா பாடியிருந்தாலும் போதும். இன்று காலை அவளே வந்து, "எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா" என்று கேட்டு இரண்டு வரி கற்றுக்கொண்டாள். நான் போன பிறகு அவளும் சிஸ்டரும் தினமும் பாடுவார்கள். உங்கள் வெள்ளிக்கிழமை இனி எங்களுக்கு வேண்டாம். நீங்கள் பயந்து திரும்பியதை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பயந்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் டிசம்பரிலேயே வேறு ஆள் பார்த்திருப்பேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பாட்டு முடிந்ததும் அப்பா என் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொன்னார். பாட்டில் இல்லாத வார்த்தை. தெளிவாகவே சொன்னார்.

அது என்ன என்று உங்களுக்கு எழுதப்போவதில்லை. அவர் சொல்லாததையெல்லாம் நீங்கள் எழுதிவிட்டீர்கள். சொன்னது எனக்கு மட்டும் இருக்கட்டும்.

எஸ். ஜோஸ்லின்