பாதிரியின் மகன்

இஞ்சருங்கோ,

மகன் வெள்ளைக்காரப் பெண்சாதியின் 'மக்ஃபர்சன்' என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டான் என்று அவன் கல்யாணத்துக்கே வராமல் குந்தியிருந்து நீங்கள் செய்த ஆராய்ச்சி லின்ஃபீல்டில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுக்கப் பரவிவிட்டது. "மக்ஃபர்சன் எண்டால் ஸ்கொட்லாந்துக்காரன்ர பாஷையில பாதிரியின்ர மகன். நான் உயிரோட இருக்கேக்கை அவனுக்கு வேற அப்பன்!" என்று எல்லாருக்கும் போன் போட்டுக் கத்தினீர்களாம். பெரிய கண்டுபிடிப்புத்தான்.

மருமகளின் தகப்பனும் மண்டபத்தில் இதே கதையைச் சொன்னார். எந்தப் பாதிரி என்று தங்களுக்கே தெரியாது என்று சிரித்தார்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயர்தான் பின்னால் வரும். கல்யாணம் கட்டிய கிழமையே என் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டீர்களே, அவர் ஊரெல்லாம் கதைத்துத் திரிந்தாரா? உங்களுக்கு வேட்டி எடுத்துத் தந்து, பக்கத்தில் இருத்திச் சாப்பாடு போட்டார்.

ஃப்ரிட்ஜில் குழம்பு இருக்கிறது. சூடாக்கத் தெரியாவிட்டால் அந்தப் பாதிரியைக் கேளுங்கள்.

நான் கிளென் ஈடனில் தங்கச்சி வீட்டில் நிற்கிறேன். பாஸ்போர்ட்டைப் பழைய பெயருக்கு மாற்றக் கொடுத்துவிட்டேன். அது வீட்டுக்குத்தான் தபாலில் வரும். யாரோ என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இன்றைக்கும்,
என் அப்பாவின் மகள்